142 அடியும் என் ராத்தூக்கமும்

எழுதி ஆறேழு மாசம் ஆச்சு. வருஷக் கடைசிக் கணக்கு, ஆடிட், பையனோட பரீட்சைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. மஸ்கட்லேர்ந்து ஒரு நண்பர், "என்னய்யா, மட்டாஞ்சேரி மிளகு மூட்டைக்கு நடுவுல காணாமப் போயிட்டியா?"ன்னு கேட்டார். காணாமப் போகலை சாமி, இங்கேதான் இருக்கேன். இன்னிக்கு எழுதப் போறது கொஞ்சம் சூடா இருக்கும். சூடு பாதி ஊரார் மேல, பாதி என் மேல.

போன ஞாயித்துக்கிழமை பையன்கிட்டேர்ந்து செல்போனைப் பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினேன். பதினொண்ணாவது படிக்கிறான். எப்பப் பார்த்தாலும் கையில அதுதான், மூஞ்சி உர்ருன்னு இருக்கு, கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் திரும்பறான். "நாள் பூரா அதுலயே கிடந்தா மனசு என்னத்துக்கு ஆகும்?"னு அரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அப்பா, உங்க போன்ல ஸ்க்ரீன் டைம்னு ஒண்ணு இருக்கும், அதைக் கொஞ்சம் பாருங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

பார்த்தேன். அந்த வாரச் சராசரி அவனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம். எனக்கு நாலு மணி ஐம்பது நிமிஷம். தங்கமணி எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம அடுப்படிக்குப் போயிட்டா. (ஏதாவது சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை.)

இந்த நாலேமுக்கால் சொச்சத்துல சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, அரட்டைகூடக் கம்மி. முக்காவாசி நேரம் நான் பார்த்துக்கிட்டு இருந்தது ஒரு அணைக்கட்டு.

நம்ம கதை தெரியாதவங்களுக்காக: சொந்த ஊர் தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். பி.காம். முடிச்சு வங்கி வேலை, 2010ல முதல் தடவையா கொச்சி, நடுவுல மூணு வருஷம் கோட்டயம், 2017லேர்ந்து மறுபடியும் இங்கே. எங்க வயல்ல பாயறது முல்லைப்பெரியாத்துத் தண்ணி. பென்னிகுக் கட்டி 1895ல முடிச்ச அணை. கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு அதை நம்பித்தான் இருக்கு, அதுக்கு அப்புறம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு போகும். அணை நிக்கிற இடம் கேரளா, இயக்குறது தமிழ்நாடு. அது உடைஞ்சா தண்ணி எங்க ஊர் பக்கம் வராது. மேற்கே இறங்கி இடுக்கி அணை, அதைத் தாண்டினா பெரியாறு போற வழியில ஆலுவா, எர்ணாகுளம்.

அண்ணன் அந்தத் தண்ணியில நெல்லு போடறார். நான் அந்தத் தண்ணிக்குக் கீழ்த்திசையில குடியிருக்கேன். அதனால ரெண்டு பக்கத்து வாட்ஸ்அப்பும் எனக்கு வரும்.

மழை பிடிச்சாப் போதும். மலையாளத்துல வர்றது ஒரு மாதிரி: சுவர்ல விரிசல் படம், அதுல சிவப்பு அம்புக்குறி, சுண்ணாம்பும் சுர்க்கியும் வெச்சுக் கட்டின நூத்திச் சொச்சம் வயசு அணை, உடைஞ்சா 35 லட்சம் பேர். தமிழ்ல வர்றது இன்னொரு மாதிரி: பென்னிகுக் படம், கீழே தீப்பொறி, "தண்ணி தர மனசில்லாம பூச்சாண்டி காட்டறாய்ங்க, எழுந்து வா தமிழா". அங்கேருந்து ஒண்ணு, இங்கேருந்து ஒண்ணு, ராத்திரி பதினொண்ணரைக்கு என் தலையணைக்குப் பக்கத்துல ரெண்டும் சந்திச்சுக்கும். விரிசல் படத்தைப் பெருசாக்கிப் பார்ப்பேன். அது எந்த அணைன்னே தெரியாது. அடுத்ததைத் தட்டுவேன். ஒரு மணி ஆயிடும்.

மறுநாள் காலையில கவுன்டர்ல ஒரு பெரியவர் பாஸ்புக்கை நீட்டினா எரிஞ்சு விழுவேன். அவர் பண்ணின தப்பு ஒண்ணுமில்லை.

இப்போ என் கட்சியைச் சொல்றேன். "இணையத்துல எத்தனை மணி நேரம் இருக்கே"ங்கிற கேள்வியே தப்பான கேள்வி. பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு வெச்சுச் சொல்றாங்க, டாக்டர் சொல்றார், நானும் பையனுக்குச் சொன்னேன்: ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடாது. நேரத்தை மட்டும் எண்ணறது, ஒரு ஆள் எத்தனை தடவை பணம் எடுத்தான்னு மட்டும் பார்த்துட்டு அவன் கடனாளியா இல்லையான்னு முடிவு பண்ற மாதிரி. எதுக்கு எடுத்தான்னு பார்க்க வேண்டாமா?

2019ல ஆக்ஸ்ஃபோர்டுல ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், மூணரை லட்சம் வளரிளம் பிள்ளைகளோட விவரத்தைப் போட்டு அலசினாங்க. பிள்ளைகளோட மனநலத்துல தெரியற ஏற்ற இறக்கத்துல, செல்போன் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தால விளக்க முடிஞ்சது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு சாப்பிடறதோட ஒப்பிட்டு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுன்னு போட்டிருந்தாங்க. (இதைப் படிச்சதும் பையனுக்கு ஒரே குஷி. உருளைக்கிழங்கு வறுவலையும் விடறதில்லை அவன்.) இதை வெச்சு போன் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. மொத்தமா எல்லா நேரத்தையும் ஒரே மூட்டையில கட்டி எடை போட்டா ஒண்ணும் தெரியாதுங்கிறேன்.

மூட்டையைப் பிரிச்சா என்ன தெரியும்? அதை நான் 2018 ஆகஸ்ட்ல தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் மறந்ததுதான் என் குத்தம்.

ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. இடுக்கியில செறுதோணி ஷட்டரை 26 வருஷத்துக்கு அப்புறம் திறந்தாங்க. 15ம் தேதி, சுதந்திர தினத்தன்னிக்கு, முல்லைப்பெரியாறு 142 அடியைத் தொட்டது. அன்னிக்கே கொச்சி விமான நிலையத்துக்குள்ள தண்ணி புகுந்து மூடினாங்க, ரெண்டு வாரம் திறக்கலை. மட்டாஞ்சேரியில எங்க தெருவுக்கு வெள்ளம் வரலை. மழை மட்டும் கொட்டிக்கிட்டே இருந்தது.

அந்த நாள்ல ஒரு ராத்திரி ஒரு குரல் செய்தி. மலையாளத்துல ஒரு ஆள் மூச்சு வாங்கப் பேசறான். முல்லைப்பெரியாறு உடைஞ்சிடுச்சாம், எர்ணாகுளத்துல இருக்கிறவங்க எல்லாம் உடனே கிளம்புங்கன்னு. பொய்னு அரசாங்கமே மறுத்தது, ஆனா மறுப்பு நடந்து வந்தது, செய்தி பறந்து வந்தது. தங்கமணி நகையையும் சர்ட்டிபிகேட்டையும் ஒரு பையில கட்டிட்டா. பையனுக்கு அப்போ எட்டு வயசு. "அப்பா, தண்ணி வந்தா நாம எத்தனாவது மாடிக்குப் போகணும்?"னு கேட்டான். எதிர்வீட்டுச் சேச்சி வந்து கதவைத் தட்டி, "கேட்டோ?"ன்னாங்க. அதே நேரத்துல அண்ணன் போன்: "என்னடா தம்பி, அணை ஒடஞ்சிருச்சுன்னு கெளப்பி விட்ருக்காய்ங்களாம்ல? நான் லோயர் கேம்ப்ல ஆளைக் கேட்டுட்டேன். ஒண்ணும் இல்ல. பேசாமப் படு." படுக்கலை. விடிய விடிய அடுத்த குரல் செய்தி வருதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணு மணிக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது. யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத அஞ்சு மணி நேரம்.

மறுநாள் கதையே வேற. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தரோட குடும்பம் ஆலுவா பக்கம் மாடியில மாட்டிக்கிச்சு. ஊரெல்லாம் மீட்புக்கு ஆள் தேடுது. தன்னார்வலர்களும் அரசாங்கத்து ஐ.டி. ஆட்களும் சேர்ந்து கேரளாரெஸ்க்யூன்னு ஒரு இணையதளம் போட்டிருந்தாங்க. நானும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து விலாசத்தைத் தட்டினோம். எத்தனை பேர், எத்தனை வயசு, பக்கத்துல என்ன அடையாளம், தண்ணி எந்த மட்டம். தமிழ் மட்டும் தெரிஞ்ச கூலித் தொழிலாளிங்க ரெண்டு குடும்பம் போன்ல கிடைச்சாங்க, அவங்க சொன்னதை மலையாளத்துல மாத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கம் கடலோர ஆட்கள் படகை லாரியில ஏத்திக்கிட்டு வந்து இறங்கினாங்க. மொத்தம் அறுநூறு படகுக்கு மேல, பல்லாயிரம் பேரை மீட்டாங்க. என் பங்கு அதுல ஒரு கடுகுகூட இல்லை. ஆனா ரெண்டு நாள் செல்போன் கையை விட்டுக் கீழே இறங்கலை, ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் இருக்கும். கண்ணு ரெண்டும் கோவைப்பழம். அதுக்கு நடுவுல கிடைச்ச மூணு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் பாருங்க, அப்படித் தூங்கி வருஷக்கணக்காச்சு.

அதே போன், அதே கண்ணு, அதே மழை. முதல் ராத்திரி அஞ்சு மணி நேரத்துல என்னை நார் நாரா உரிச்சது. அடுத்த ரெண்டு நாள் பதினாலு மணி நேரம் என்னை மனுஷனா நிக்க வெச்சது. நேரம்தான் விஷம்னா கணக்கு எப்படி இடிக்குது பாருங்க. பார்த்ததுக்கு அப்புறம் கையால செய்யறதுக்கு ஒண்ணு இருந்தது, அதுதான் வித்தியாசம். செய்ய ஒண்ணுமே இல்லாத விஷயத்தை ராத்திரி முழுக்கப் பார்க்கிறவன் மனசு எப்படி நல்லா இருக்கும்?

இது என் ஒருத்தன் அனுபவம்தானேன்னு நினைக்காதீங்க. 2013 ஏப்ரல்ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல அலிசன் ஹோல்மன் குழு, சில வாரத்துக்குள்ள நாடு முழுக்க நாலாயிரத்து அறுநூறு பேருக்கு மேல கேட்டு ஆராய்ஞ்சாங்க. குண்டு வெடிச்ச இடத்துல நேர்ல இருந்தவங்களைவிட, அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல டி.வி., இணையம்னு அந்தச் செய்தியிலேயே கிடந்தவங்களுக்குத்தான் கடுமையான மன உளைச்சல் அதிகமா இருந்தது. திரும்பப் படிங்க: நேர்ல இருந்தவங்களைவிட. அதே ஆட்கள் 2019ல இன்னொரு ஆய்வு போட்டாங்க, மூணு வருஷம் ஒரே கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்து. ஒரு துயரச் செய்தியில மூழ்கினவங்களுக்கு வருங்காலத்தைப் பத்திக் கவலை கூடுது, கவலை கூடினவங்க அடுத்த துயரம் வரும்போது இன்னும் அதிகமா மூழ்கறாங்க. வட்டிக்கு வட்டி. கூட்டு வட்டி எப்படி வளரும்னு எங்க தொழில்ல இருக்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மளை மாதிரி ஊரை விட்டு வந்தவங்களுக்கு இது ரெண்டு மடங்கு. ஊர்ல இருக்கிறவன் மழை பெஞ்சா வெளியே போய் வாய்க்காலைப் பார்ப்பான், மண்வெட்டியை எடுப்பான், திரும்பி வந்து கஞ்சி குடிச்சுட்டுப் படுப்பான். நாம? 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கினப்போ மேற்படி மஸ்கட் நண்பர் மூணு நாள் தூங்கலை. அவர் அம்மா வீட்டுத் தெருவுல தண்ணி முழங்கால். முதலைப் பண்ணையிலேர்ந்து முதலையெல்லாம் தப்பிச்சுடுச்சுன்னு அப்போ ஒரு புரளி கிளம்பினது, பண்ணைக்காரங்களே இல்லைன்னு மறுத்தாங்க. நண்பர் மஸ்கட்ல உட்கார்ந்துக்கிட்டு முதலைக்குப் பயந்தார். அம்மா இங்கே பக்கத்து வீட்டுல சீட்டாடிக்கிட்டு இருந்தாங்களாம். சிரிக்கலாம். ஆனா அந்த மூணு நாள்ல அவருக்கு ஏறின ரத்த அழுத்தம் இன்னும் மாத்திரையில நிக்குது.

இங்கே ஒரு பிரிவினர் வருவாங்க. "அப்போ எதுவும் தெரிஞ்சுக்காம இருக்கணுமா? விழிப்புணர்வு வேண்டாமா?" இந்த விழிப்புணர்வுங்கிற வார்த்தையைக் கண்டாலே எனக்கு இப்போ எரியுது. ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சுக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு விழிப்புணர்வு இல்லைங்க, தூக்கமின்மை.

நியாயமாப் பேசறேன். அணை பலமா பலவீனமான்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, பி.காம்ல அணைக்கட்டு பாடம் கிடையாது. பழைய அணைதான். கீழே இருக்கிறவங்களுக்குப் பயம் வர்றது நியாயம்தான். அந்தப் பயத்துனாலதான் 1979ல நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினாங்க, பலப்படுத்தற வேலை நடந்தது. 2006ல உச்ச நீதிமன்றம் 142 அடின்னு சொன்னது. கேரளா சட்டம் போட்டது. நீதிபதி ஆனந்த் தலைமையில குழு போட்டாங்க, அணை பத்திரமா இருக்குன்னு 2012ல அறிக்கை வந்தது. 2014 மே 7ம் தேதி ஐந்து நீதிபதி அமர்வு 142 அடியை உறுதி பண்ணி, கண்காணிப்புக் குழுவும் போட்டது. புது அணை வேணும்னு கேரளா இன்னமும் கேட்குது. இருக்கிற அணையே போதும்னு தமிழ்நாடு சொல்லுது. நடக்கட்டும். இதெல்லாம் பொறியாளர், வக்கீல், மந்திரி உட்கார்ந்து பேச வேண்டிய இடம். அந்த இடத்துல நான் போடற தினசரி நாலேமுக்கால் மணி நேரத்துக்கு என்ன மதிப்பு? ஒரு சிமெண்ட் மூட்டை ஏறுமா அணையில? ஒரு கன அடி தண்ணி கூடுதலா வருமா எங்க அண்ணன் வயலுக்கு?

கணக்குப் பாஷையில ஒண்ணு சொல்றேன். கன்டிஞ்சென்ட் லயபிலிட்டின்னு ஒரு சமாச்சாரம் உண்டு. வரலாம், வராமலும் போகலாம்ங்கிற பொறுப்பு. அதை ஐந்தொகையில அடிக்குறிப்பாப் போடுவோம். இருக்கு, மறைக்கலை, தெரிஞ்சுக்கோன்னு அர்த்தம். ஆனா அதுக்காக தினமும் ராத்திரி செலவு எழுதினா கடை திவால்தான். முல்லைப்பெரியாறு எங்க வீட்டுக்கு ஒரு அடிக்குறிப்பு. அதைத்தான் நான் தினம் தினம் பற்று எழுதிக்கிட்டு இருந்தேன், அதுவும் வீட்டுல இருக்கிற எல்லார் கணக்குலயும்.

இன்னொரு பிரிவினர், "வந்ததை அப்படியே அனுப்பினேன், உண்மையான்னு தெரியலை"ன்னு ஒரு வரி சேர்த்து அனுப்பற புண்ணியவான்கள். எனக்கு வர்றதுல பாதி இவங்ககிட்டேர்ந்துதான், எல்லாம் படிச்ச, பதவியில இருந்து ஓய்வு பெற்ற பெரிய மனுஷங்க. ஐயா, ஒரு செக்கோட பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கிறீங்க. அது காசில்லாமத் திரும்பினா எழுதினவன் மட்டும் பொறுப்பில்லை, கையெழுத்துப் போட்ட நீங்களும் பொறுப்பு. 1881ம் வருஷத்துச் சட்டம் அது. அணை கட்டறதுக்கு முன்னாடியே வந்த சட்டம்! பணத்துக்கு அவ்வளவு கண்டிப்பு, பயத்துக்கு மட்டும் ஒரு கண்டிப்பும் இல்லையா? 2018 ஜூலையில வாட்ஸ்அப்காரனே இந்தியாவுல ஒரு செய்தியை அஞ்சு பேருக்கு மேல ஒரே நேரத்துல அனுப்ப முடியாதுன்னு கட்டுப்படுத்தினான். அடுத்த மாசம்தான் அந்தக் குரல் செய்தி. அஞ்சு அஞ்சாவே ஊரைச் சுத்திடுச்சு.

சரி, இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேட்பீங்க. தூக்கம் போனா போகட்டும். போனது தூக்கம் மட்டும் இல்லை.

2011 டிசம்பர்ல நான் கொச்சியிலதான் இருந்தேன். டேம் 999னு ஒரு படம் வந்து, தமிழ்நாட்டுல தடை பண்ணி, இங்கே வண்டிப்பெரியாறுலேர்ந்து கொச்சி வரைக்கும் மனிதச் சங்கிலி பிடிச்சு, கம்பத்துலேர்ந்து குமுளிக்கு ஜனங்க திரண்டு போயி, ஐயப்ப சாமிங்க வண்டியெல்லாம் நடுவுல மாட்டினது. தோட்டத்துல வேலை செஞ்ச தமிழாளுங்க குடும்பம் குடும்பமா மலையிறங்கி ஓடி வந்தாங்க. அவ்வளவு நடந்தும் மட்டாஞ்சேரியில என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த ஊர் அப்படி. குஜராத்திக்காரர், கொங்கணிக்காரர், கச்சி மேமன், தமிழாளுங்க, ஒரு காலத்துல யூதர்கள், எல்லாரும் ஒரே பஜார் ரோட்டுல மூட்டை இறக்கிப் பிழைச்ச ஊர். எதிர்வீட்டுச் சேச்சி அந்த டிசம்பர்ல என்னைப் பார்த்து, "நாட்டுல அம்மைக்கு சுகம் தன்னே?"ன்னுதான் கேட்டாங்க. அன்னிக்குப் பதட்டம் எல்லையில இருந்தது. தெருவுக்குள்ள வரலை, பாக்கெட்டுக்குள்ளயும் வரலை.

2021 அக்டோபர்ல அணையைக் கைவிடச் சொல்லி மலையாள நடிகருங்க பிருத்விராஜ் உள்பட இணையத்துல எழுதினாங்க. தேனியில கொடும்பாவி எரிச்சாங்க. பீதி கிளப்பறவங்க மேல நடவடிக்கை எடுப்போம்னு முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையில சொல்ல வேண்டி வந்தது. 2024 ஜூலை 30ம் தேதி வயநாட்டுல நிலச்சரிவு வந்து ஊரே போச்சு. வயநாடு எங்கே, முல்லைப்பெரியாறு எங்கே! இருந்தும் அந்த வாரமே "அடுத்தது முல்லைப்பெரியாறு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அப்போ பையன் ஒன்பதாவது. அவன் வகுப்புக் குழுவுல ஒரு கேலிப்படம் வந்திருக்கு, அணை உடையற மாதிரியும் ஒரு வேட்டி கட்டின ஆள் பக்கெட்டோட நிக்கிற மாதிரியும். கீழே "பாண்டி"ன்னு எழுதி, ஒருத்தன் இவன் பேரையும் சேர்த்துவிட்டிருக்கான். இங்கே நம்மாளைத் தாழ்த்திச் சொல்ற சொல் அது, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பையன் இங்கேயே வளர்ந்தவன், மலையாளம் எழுதப் படிக்க என்னைவிட நல்லாத் தெரியும். அவனுக்கு அன்னிக்குத்தான் தான் யாருன்னு ஒருத்தன் சொல்லிக் காட்டினான்.

அவன் எங்ககிட்டச் சொல்லலை. போன ஞாயித்துக்கிழமை, ஸ்க்ரீன் டைம் பஞ்சாயத்து முடிஞ்சு, பீரோவைத் திறந்து போனைக் கொடுத்தப்போதான் சொன்னான். ரெண்டு வருஷமா உள்ளே வெச்சிருந்திருக்கான். "ஏண்டா அப்பவே சொல்லலை?"ன்னா, "நீங்க அப்போ எப்பவும் போன்லயே இருந்தீங்கப்பா. அதே அணை வீடியோதான் பார்த்துட்டு இருந்தீங்க. கேட்டா கத்துவீங்கன்னு விட்டுட்டேன்"ங்கிறான்.

இதுக்கு மேல நான் அவனுக்கு என்ன பிரசங்கம் பண்றது?

ஊரார் மேல பாதிக் கோபம்னு மேலே சொன்னேன். இப்போ எழுதறப்போ கணக்கு மாறிப் போச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. எங்கப்பா பத்தாவது தாண்டாதவர். காலையில டீக்கடையில தினசரியைப் பிரிச்சு, அணைகள் நீர்மட்டம்னு போடற கட்டத்தை மட்டும் பார்ப்பார். பெரியாறு இவ்வளவு அடி, வைகை இவ்வளவு அடி. ஒரு வரி. அதைப் பார்த்துட்டுப் பேப்பரை அடுத்தவருக்குக் கொடுத்துட்டு எழுந்திருவார். அந்த ஒரு வரியிலேர்ந்து அவருக்கு வேலை தெரியும்: நாத்து விடலாமா, இன்னும் பத்து நாள் பொறுக்கணுமா, முதல் போகத்துக்கு ஜூன் 1ம் தேதி தேக்கடி ஷட்டர் திறப்பாங்களா, விதை நெல்லுக்கு யார்கிட்டக் கடன் சொல்லணும். எங்கப்பாவைவிட அந்த அணையை நம்பி வாழ்ந்தவன் நான் இல்லை. அது வத்தினா அவருக்குச் சோறு இல்லை. இருந்தும் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல அவர் அதைப் பார்த்ததில்லை. நான் மாசச் சம்பளக்காரன், அவரைவிட முந்நூறு மடங்கு நேரம் பார்க்கிறேன். (கணக்குப் போட்டுத்தான் சொல்றேன், 290 மடங்கு.)

அமெரிக்காவுல 2018 தேர்தல் சமயத்துல ஒரு பரிசோதனை பண்ணினாங்க. ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளாதாரக்காரங்க, ஆட்களுக்குக் காசு கொடுத்து நாலு வாரம் ஃபேஸ்புக்கை மூடச் சொன்னாங்க. மூடினவங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாச்சு, டி.வி.யோ வீட்டாரோ நண்பரோன்னு செலவழிச்சாங்க. மனசு கொஞ்சம் தேறியிருந்தது, ரொம்பன்னு சொல்ல முடியாது. கூடவே அன்றாடச் செய்தி அறிவு குறைஞ்சிருந்தது. ரெண்டையும் மறைக்காம எழுதியிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சது. அப்பாவோட ஒரு வரியில அந்தப் பேரமே இல்லை பாருங்க. செய்தியும் கிடைச்சது, மனசும் நின்னது. நாலு வாரம் மூடிட்டுத் திரும்ப அதே மாதிரி திறக்கிற "டிஜிட்டல் விரதம்" எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏகாதசிக்குப் பட்டினி கிடந்துட்டு துவாதசிக்கு ரெண்டு பங்கு சாப்பிடற கதைதான்.

அதனால வீட்டுல மணி நேரக் கட்டுப்பாடு எதுவும் போடலை. பையன் போன் அவன்கிட்டயே இருக்கு. நான் மட்டும் பதினேழு குழுவுலேர்ந்து வெளியே வந்தேன். தேனிக்காரங்க ஒன்பது, இந்தப் பக்கம் எட்டு. வெளியே வந்த அன்னிக்கே ரெண்டு பக்கத்திலேருந்தும் "துரோகி" பட்டம் வந்துடுச்சு. சின்னமனூர்லேர்ந்து ஒரு மாமா, "மலையாளத்தான் ஆயிட்டியா மாப்ள?"ன்னார். இங்கே கூட வேலை பார்க்கிற ஒருத்தர், "நிங்கள்க்கு வெள்ளம் மதியல்லோ, ஞங்கள்டெ ஜீவன் வேண்டா"ன்னார், உங்களுக்குத் தண்ணி போதும், எங்க உசுரு வேண்டாம்னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நானும் இதே எர்ணாகுளத்துலதான் குடியிருக்கேன்னு அவருக்கு அந்த நிமிஷம் தோணலை.

சிக்கல் அம்மாதான். அப்பா 2019ல போனதுக்கு அப்புறம் எங்ககூட இருக்காங்க. பேரன்தான் போன் பார்க்கக் கத்துக் கொடுத்தான். அம்மாவுக்குத் தமிழ் வீடியோ வந்து குவியுது. மழை இருட்டினா ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்கிட்டு, "ஏய்யா, நாம ஊருக்கே போயிருவமா?"ன்னு கேட்பாங்க. 2024ல அந்த வாரம் சரியாச் சாப்பிடாம மயக்கம் வந்து ஒரு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். அவங்க போனைப் பிடுங்க எனக்கு மனசு வராது. ஊர்ல இருக்கிற அக்கா தங்கச்சி முகத்தைத் தினமும் பார்க்கிறது அதுலதான், அதை எடுத்துட்டா இந்த ஊர்ல அவங்களுக்கு யார் இருக்கா?

இப்போ காலையில அண்ணனுக்கு ஒரு போன் போடறேன், ஸ்பீக்கர்ல. அம்மா பக்கத்துல உட்கார்ந்துக்குவாங்க. "அண்ணே, இன்னிக்கு எத்தனை அடி?" அவர் பேப்பர்ல பார்த்துச் சொல்லுவார். அப்புறம் உரம் விலை, மதினிக்கு மூட்டு வலி, வாய்க்கால்ல யார் மடையை அடைச்சாய்ங்க, யாருக்குக் கல்யாணம். பத்து நிமிஷம். முந்தாநாள் அம்மா, போனை வெச்சதுக்கு அப்புறம், "ஏய்யா, ராத்திரி ஒரு வீடியோவுல வேற மாதிரி சொன்னானே"ன்னாங்க. "அதைச் சொன்னவன் எந்த ஊருமா?"ன்னேன். யோசிச்சாங்க. "தெரியலையே"ன்னாங்க. ராத்திரி மறுபடியும் அதே வீடியோவைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு.

வெளியே இப்போ நல்ல மழை. பையன் படகுத்துறை வரைக்கும் போயிருக்கான், குடை எடுக்காம. போய்ப் பார்த்துட்டு வர்றேன்.